பகாப்பதமும் பகா எண்ணும்

நுழையும்முன்

'இதைப் படிப்பதால் என்ன பயன்?' என்னும் கேள்வியை எதிர்கொள்ளாத மாணவரும் இல்லை, ஆசிரியரும் இல்லை. உடனடிப் பயன் தெரியாத அறிவு, பல நூற்றாண்டுகள் காத்திருந்து உலகத்தின் காவலாக மாறியதுண்டு. தன்னையும் ஒன்றையும் தவிர வேறு எதனாலும் வகுபடாத பகா எண்களின் வரலாறு அதற்குத் தக்க சான்று. தொழிற்சாலைகள் சூழ்ந்த ஒரகடத்தில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவரின் பட்டறிவு வழியே அவ்வரலாற்றை அறிவோம்.

ஒரகடத்தில் இரண்டு நெடுஞ்சாலைகள் சந்திக்கின்றன. வண்டலூரிலிருந்து வாலாசாபாத்துக்குச் செல்வது ஒன்று; சிங்கப்பெருமாள்கோவிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்குச் செல்வது மற்றொன்று. நெல்வயலும் ஏரியுமாக இருந்த இந்நிலப்பரப்பில் இன்று சரக்குந்துகளும் மகிழுந்துகளும் டயர்களும் கைப்பேசிகளும் உருவாகின்றன. விடியற்காலையில் தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் பேருந்துகள் சாலையை நிறைக்கும். அவற்றுக்கிடையே மிதிவண்டியில் பள்ளிக்கு வரும் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிப்பது என் பணி.

ஒருநாள் பதினொன்றாம் வகுப்பில் பகுபத உறுப்பிலக்கணம் நடத்திக்கொண்டிருந்தேன். 'படித்தான்' என்னும் சொல்லைப் படி + த் + த் + ஆன் எனப் பிரித்துக் காட்டினேன். 'நிலம்', 'நீர்', 'நட' போன்றவை பொருள் தரும் உறுப்புகளாகப் பிரியா. ஆதலால் அவை பகாப்பதங்கள் என்றேன். பின்வரிசையில் இருந்த மாணவி எழுந்து, "ஐயா, கணக்கில் வரும் பகா எண்ணும் இந்தப் பகாப்பதமும் ஒன்றுதானா?" என்று கேட்டாள்.

நல்ல கேள்வி. பகு என்னும் வேர் இரண்டிற்கும் பொது. 'பகாத எண்' என்பதே ஈறு கெட்டுப் 'பகா எண்' ஆயிற்று; எனவே, அஃது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். 12 என்னும் எண் 2 × 2 × 3 எனப் பிரியும். அது பகு எண். 13 எவ்வாறும் பிரியாது. அது பகா எண். இலக்கணமும் கணக்கும் இவ்விடத்தில் ஒரே சொல்லைப் பகிர்ந்துகொள்கின்றன.

வேறுபாடும் ஒன்றுண்டு. நன்னூல் பெயரியலில் பொதுமொழி என ஒரு வகை கூறப்படுகிறது. 'பலகை' தனித்து நின்றால் மரப்பலகை. பிரிந்தால் பல கைகள். 'வேங்கை'யும் அப்படியே. எண்ணுலகில் இத்தகைய பொதுமொழிக்கு இடமே இல்லை. ஒன்றைவிடப் பெரிய எந்த முழு எண்ணும் பகா எண்ணாக இருக்கும். அல்லது பகா எண்களின் பெருக்கலாகப் பிரியும். அப்பிரிவும் ஒரே வகையில்தான் அமையும். யார் பிரித்தாலும், எந்நாட்டில் பிரித்தாலும் 91 என்பது 7 × 13 மட்டுமே. பகா எண்கள் எண்ணுலகின் வேர்ச்சொற்கள்.

ஒரு தந்தையின் கேள்வி

அன்று கேள்வி கேட்ட மாணவி மறு ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பை முடித்தாள். கல்லூரியில் கணிதம் படிக்க விரும்பினாள். அவள் தந்தை தொழிற்சாலை ஒன்றில் சரக்கு ஏற்றி இறக்கும் ஒப்பந்தத் தொழிலாளி. பள்ளிக்கு வந்து என்னைச் சந்தித்தார்.

"பன்னெண்டாவது முடிச்ச பொண்ணுங்கள கம்பெனியில எடுத்துக்கிறாங்க சார். தங்க எடம், சாப்பாடு, பஸ்ஸு எல்லாம் அவங்களே பாத்துக்கிறாங்க. இவ கணக்கு படிக்கணும்னு நிக்கிறா. நீங்க சொன்னா கேப்பா. கணக்கு படிச்சா என்ன வேலை சார் கெடைக்கும்?"

அவருடைய கேள்வி நியாயமானது. மாத இறுதியில் வீட்டு வாடகையும் மளிகைக் கடனும் காத்திருக்கும் ஒருவர் பயனைப் பற்றிக் கேட்காமல் வேறு எதைக் கேட்பார்? வங்கி, ஆசிரியப் பணி, கணினி எனச் சில வேலைகளைச் சொன்னேன். அவர் தலையசைத்தார், நிறைவடையவில்லை. நானும் நிறைவடையவில்லை. கணக்கின் பயனைத் தமிழாசிரியன் ஒருவன் எங்கிருந்து தேடுவது? மாணவி கேட்ட பகா எண்ணிலிருந்தே தொடங்கினேன்.

பற்சக்கரத்தின் அறம்

தேடலின் முதல் விடை ஒரகடத்திலேயே கிடைத்தது. என்னிடம் முன்பு படித்த மாணவர் ஒருவர் இப்பகுதியில் சரக்குந்துகளின் பற்சக்கரங்களைப் பொருத்தும் பிரிவில் பணியாற்றுகிறார். பகா எண் பற்றி நான் பேசியதும், "எங்க வேலையிலயே அது இருக்கு ஐயா" என்றார்.

வண்டியின் பின் அச்சில் கிரவுன் என்னும் பெரிய சக்கரமும் பினியன் என்னும் சிறிய சக்கரமும் பற்களால் கோத்துச் சுழல்கின்றன. பெரியதில் 40 பற்களும் சிறியதில் 10 பற்களும் இருப்பதாகக் கொள்வோம். 40 என்பது 10ஆல் வகுபடுவதால், சிறிய சக்கரத்தின் ஒரு பல், பெரிய சக்கரத்தின் அதே நான்கு பற்களையே வாழ்நாள் முழுவதும் சந்திக்கும். ஒரு பல்லில் சிறு பிசிறு இருந்தால் அந்த நான்கு பற்கள் மட்டும் தேய்ந்துகொண்டே இருக்கும். மாறாக, 41 பற்களும் 11 பற்களும் வைத்தால் நிலைமை வேறு. இரண்டுக்கும் பொதுக் காரணி 1 மட்டுமே. ஆதலால் ஒவ்வொரு பல்லும் எதிர்ச்சக்கரத்தின் எல்லாப் பற்களையும் முறைவைத்துச் சந்திக்கும். ஒருமுறை சந்தித்த இணை மீண்டும் சந்திப்பதற்குள் 41 × 11 = 451 பற்கள் கடந்துபோகும். தேய்மானம் எல்லாப் பற்களுக்கும் சமமாகப் பகிரப்படும். சக்கரம் நெடுநாள் உழைக்கும்.

பொதுக் காரணி 1 மட்டுமே உடைய எண்களைச் 'சார்பகா எண்கள்' என ஆறாம் வகுப்பிலேயே படித்திருக்கிறோம். தேர்வுக்காகப் படித்த அந்தச் சொல், நம் ஊர்ச் சாலையில் நாள்தோறும் சுழன்றுகொண்டிருக்கிறது. பகா எண்ணின் பயனுக்கு இது சிறிய சான்று. பெரிய சான்றுகளைத் தேடியபோது இன்னொரு வல்லத்தை அறிந்தேன்.

இரண்டு வல்லங்கள்

ஒரகடத்தை அடுத்துள்ள வல்லம் இன்று தொழிற்பூங்காவால் அறியப்படும் ஊர். குற்றாலத்துக்கு அருகிலும் ஒரு வல்லம் உண்டு. அவ்வூரில் 1901ஆம் ஆண்டு பிறந்தவர் சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை. எளிய குடும்பத்தில் பிறந்து, பெற்றோரை இளமையிலேயே இழந்த அவரை, அவருடைய ஆசிரியர் ஒருவர் துணைநின்று படிக்க வைத்தார். நாகர்கோவிலிலும் திருவனந்தபுரத்திலும் கல்லூரிக் கல்வி பெற்றுச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்து, 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். இராமானுசனுக்குப் பின் தமிழ்நாடு தந்த எண்ணியல் அறிஞர்களுள் முதன்மையானவராக அவர் மதிக்கப்படுகிறார்.

அவர் ஆராய்ந்த கேள்விகளுள் ஒன்று மிக எளியது. அடுத்தடுத்து வரும் எண்கள் சிலவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற எந்த எண்ணுடனும் பொதுக் காரணி இல்லாத எண் ஒன்றாவது அவற்றுள் இருக்குமா? பதினாறு எண்கள் வரை கட்டாயம் இருக்கும் எனப் பிள்ளை மெய்ப்பித்தார். பதினேழு எண்களை எடுத்தால் அந்த உறுதி குலைந்துவிடும். 2184 முதல் 2200 வரையுள்ள பதினேழு எண்களைப் பாருங்கள். 2197 தனித்து நிற்பது போலத் தோன்றும். ஆனால், அது 13 × 13 × 13. 2184உம் 13ஆல் வகுபடும். 2189 என்பது 11 × 199. 2200உம் 11ஆல் வகுபடும். இப்படி அங்குள்ள ஒவ்வோர் எண்ணுக்கும் ஓர் உறவு உண்டு. தாளும் எழுதுகோலும் இருந்தால் நீங்களே இதனைச் சரிபார்க்கலாம்.

1950ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிரின்ஸ்டன் உயராய்வு நிறுவனம் பிள்ளையை அழைத்தது. அங்குச் செல்லும் வழியில், ஆகஸ்டு 31 அன்று, கெய்ரோ அருகே நேர்ந்த வானூர்தி விபத்தில் அவர் உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது நாற்பத்தொன்பது. பகா எண்களில் ஒரு வகை இன்று உலகெங்கும் 'பிள்ளை பகா எண்கள்' என்று வழங்கப்படுகிறது. அவற்றுள் முதலாவது 23. ஆசிரியர் ஒருவர் கைதூக்கிவிட்ட சிற்றூர்ப் பிள்ளையின் பெயர், எண்கள் உள்ளவரை வழங்கும்.

பத்து இலக்கப் பகா எண்

பகா எண்கள் எண்ணிக்கையில் முடிவற்றவை. கிரேக்க அறிஞர் யூக்ளிட் இதனை இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே மெய்ப்பித்தார். நமக்குத் தெரிந்த பகா எண்கள் அனைத்தையும் பெருக்கி 1 கூட்டினால், கிடைக்கும் எண் அவற்றுள் எதனாலும் வகுத்தாலும் மீதி 1 வரும். ஆதலால் நம் பட்டியலில் இல்லாத புதிய பகா எண் ஒன்று இருந்தே தீரும். சான்றாக, 2 × 3 × 5 × 7 × 11 × 13 + 1 = 30031. இது 59 × 509 எனப் பிரிகிறது. 59உம் 509உம் நம் பட்டியலில் இல்லாதவை.

முடிவற்றவை எனத் தெரிந்தாலும் ஒரு பெரிய எண்ணைக் காட்டி, 'இது பகா எண்ணா?' எனக் கேட்டால் விடை சொல்வது அரிது. 2,14,74,83,647 என்னும் எண்ணை எடுத்துக்கொள்வோம். கைப்பேசி எண்ணைப் போலப் பத்து இலக்கங்கள் உடையது. இரண்டை முப்பத்தொரு முறை பெருக்கி ஒன்றைக் கழித்தால் இது கிடைக்கும். இதனைச் சோதிக்க 46,340 வரையுள்ள எண்களால் வகுத்துப் பார்க்க வேண்டும், அதற்குமேல் தேவையில்லை. ஏனெனில், ஓர் எண் இரண்டாகப் பிரிந்தால் அவற்றுள் ஒன்றாவது அதன் வர்க்கமூலத்தைத் தாண்டாது.

சுவிட்சர்லாந்தில் பிறந்த ஆய்லர் இவ்வெண்ணை 1772இல் ஆராய்ந்தார். அப்போது அவருக்கு அறுபத்தைந்து வயது. கண்பார்வையைப் பெரும்பாலும் இழந்திருந்தார். இவ்வெண்ணுக்குக் காரணி இருந்தால் அதனை 62ஆல் வகுக்கும்போது மீதி 1 வர வேண்டும் என்பது ஒரு விதி. அவ்விதி, சோதிக்க வேண்டிய எண்களை ஏறத்தாழ 750 ஆகக் குறைத்தது. 8ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வர வேண்டும் என்பது மற்றொரு விதி. அதனால் அவை ஏறத்தாழ 370 ஆகச் சுருங்கின. அவற்றுள் எதுவும் வகுக்கவில்லை. 2,14,74,83,647 பகா எண் என உறுதியாயிற்று. தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் மனிதகுலம் அறிந்த மிகப்பெரிய பகா எண்ணாக அது விளங்கியது. ஆயிரக்கணக்கான வகுத்தல்களைச் சிந்தனையால் சில நூறாகக் குறைத்ததே ஆய்லரின் வெற்றி.

இவ்வகைப் பகா எண் ஒவ்வொன்றிலிருந்தும் நிறைவெண் ஒன்று பிறக்கும். தன்னைத் தவிர்த்த வகுத்திகளைக் கூட்டினால் தானே கிடைப்பது நிறைவெண்: 6 = 1 + 2 + 3. ஆய்லரின் பகா எண்ணிலிருந்து பிறந்த நிறைவெண்ணைப் பற்றி 1811இல் எழுதிய ஆங்கிலேயக் கணித அறிஞர் பீட்டர் பார்லோ, இதைவிடப் பெரியதொன்றை எவரும் தேடப்போவதில்லை என்று கருதினார். இவை வியப்புக்குரியனவேயன்றிப் பயனுடையன அல்ல என்பது அவர் கூறிய காரணம்.

ஒரகடத்துத் தந்தையின் கேள்வியும் பார்லோவின் தீர்ப்பும் ஒரே இடத்தைத் தொடுகின்றன. பயன் என்ன?

காலம் இதற்கு விடை சொன்னது. பல கணினிகள் ஒரு முழு எண்ணை முப்பத்திரண்டு இருமக் குறிகளில் எழுதுகின்றன. குறை எண்களுக்கும் இடம் விட்டு அவை எழுதக்கூடிய மிகப்பெரிய எண் ஆய்லரின் பகா எண்ணே. அத்தகைய கணினிகள் 1970ஆம் ஆண்டு சனவரி முதல் நாளிலிருந்து நொடிகளை எண்ணி வருகின்றன. 2038ஆம் ஆண்டு சனவரி 19 அன்று, இந்திய நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடிக்கு, அந்த எண்ணிக்கை 2,14,74,83,647ஐ எட்டும். அதன்பின் எண்ண இடமிராது. அதற்குள் பழைய கணினிகளைத் திருத்தியாக வேண்டும். அந்நாளில் நீங்கள் முப்பது வயதை ஒட்டியிருப்பீர்கள். திருத்துவோருள் நீங்களும் இருக்கலாம்.

தேநீர்க்கடைப் பூட்டு

இதைவிட அன்றாடமான பயன் ஒன்று உண்டு. அதைத்தான் அந்தத் தந்தையிடம் பின்னொரு நாள் கூறினேன்.

பேருந்து நிறுத்தத்தை அடுத்த தேநீர்க்கடையில் இருவரும் தேநீர் அருந்தினோம். அவர் கைப்பேசியால் கட்டத்தைப் படமெடுத்துப் பணம் செலுத்தினார். கடையிலிருந்த சிறு பெட்டி, பணம் வந்து சேர்ந்ததை உரக்க அறிவித்தது. "இந்தப் பணத்தை வழியில் ஒருவர் ஏன் திருட முடியவில்லை?" என்று கேட்டேன். "அதான் நம்பர் போடுறோமே சார்" என்றார். "அந்த எண்ணையும் வழியில் ஒருவர் பார்த்துவிட்டால்?" அவர் சற்று யோசித்தார்.

அவருடைய ஏற்றுக்கூலிக் குறிப்பேட்டை வாங்கி, 61ஐயும் 89ஐயும் பெருக்கச் சொன்னேன். சிறிது நேரத்தில் 5429 என்றார். பிறகு, வேறொருவரிடம் 5429ஐ மட்டும் கொடுத்து, 'எந்த இரண்டு எண்களின் பெருக்கல் இது?' எனக் கேட்டால் எவ்வளவு நேரமாகும் என்று வினவினேன். "நாள் முழுக்க உக்காரணும்" என்றார். அவர் சொன்னதே பூட்டின் மறைபொருள். பெருக்குவது எளிது, பிரிப்பது கடினம்.

1977இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் என்னும் மூவர் இந்த ஏற்றத்தாழ்வைக் கொண்டே ஒரு மறைகுறியீட்டு முறையை அமைத்தனர். அவர்களின் பெயர் முதலெழுத்துகளால் அஃது ஆர்.எஸ்.ஏ எனப்படுகிறது. இரண்டு பெரிய பகா எண்களைத் தேர்ந்து பெருக்கி, பெருக்கற்பலனை உலகறிய வெளியிடுவர். செய்தியைப் பூட்ட அது போதும். திறப்பதற்கோ அந்த இரண்டு பகா எண்களும் தெரிய வேண்டும். பரவலாகப் பயன்படும் பூட்டு ஒன்றில் பெருக்கற்பலன் 617 இலக்கங்கள் உடையது. பகா எண்கள் ஒவ்வொன்றும் முந்நூறு இலக்கங்களுக்கு மேற்பட்டவை. 2020இல் அறிஞர்கள் 250 இலக்க எண் ஒன்றைப் பிரித்தனர். ஒரே கணினிச் செயலகம் செய்திருந்தால் ஏறத்தாழ 2700 ஆண்டுகள் ஆகியிருக்கும் வேலையைப் பல்லாயிரம் செயலகங்களிடம் பகிர்ந்தளித்து அதை முடித்தனர். இலக்கங்கள் கூடக்கூடக் கடினம் பன்மடங்காகும். இணையப் பாதுகாப்பின் வேறு முறைகள் பலவும் பெரும் பகா எண்களையே அடித்தளமாகக் கொண்டுள்ளன.

பிரிக்காமலே அறிதல்

இங்கே ஓர் ஐயம் எழும். பெரிய எண்ணைப் பிரிப்பது அவ்வளவு கடினமென்றால், முந்நூறு இலக்க எண் ஒன்று பகா எண் என்பதைக் கணினி எப்படி நொடியில் அறிகிறது?

பகா எண்ணின் ஆழமான பண்பு இதில்தான் அடங்கியிருக்கிறது. ஓர் எண் பிரியுமா என்று அறிவது வேறு. எப்படிப் பிரியும் என்று அறிவது வேறு. முன்னதை, பின்னதை அறியாமலே அறியலாம்.

2இன் 67ஆம் அடுக்கிலிருந்து ஒன்று குறைந்த எண் 147573952589676412927. பிரெஞ்சுத் துறவி மெர்சென் 1644இல் இதனைப் பகா எண் பட்டியலில் சேர்த்தார். 1876இல் லூக்காஸ் என்னும் அறிஞர் இது பகா எண் அன்று என மெய்ப்பித்தார். ஆனால், அதன் காரணிகளை அவரும் அறியார். 1903இல் நியூயார்க்கில் கூடிய கணித அவையில் ஃபிராங்க் கோல் என்னும் பேராசிரியர் எழுந்து, ஒரு சொல்லும் பேசாமல், கரும்பலகையில் 193707721 × 761838257287 எனப் பெருக்கிக் காட்டி அமர்ந்தார். அதே எண் வந்தது, அவை கைதட்டியது. அதனைக் காண அவருக்கு மூன்றாண்டுகளின் ஞாயிற்றுக்கிழமைகள் செலவாயினவாம்.

பிரிக்காமலே அறியும் வழிகளுள் பழையது ஃபெர்மாவின் சோதனை. 2ஐ ஆறு முறை பெருக்கினால் 64. அதனை 7ஆல் வகுத்தால் மீதி 1. எண் ஒற்றைப்படைப் பகா எண் எனில், அதைவிட ஒன்று குறைந்த முறை 2ஐப் பெருக்கி அவ்வெண்ணால் வகுத்தால் மீதி 1 வந்தே தீரும். 9ஐச் சோதிப்போம். 2ஐ எட்டு முறை பெருக்கினால் 256. 9ஆல் வகுத்தால் மீதி 4. எனவே 9 பகா எண் அன்று. 3 என்னும் காரணியை நாம் தேடவேயில்லை என்பதைக் கவனியுங்கள்.

இச்சோதனையையும் ஏமாற்றும் எண்கள் உண்டு. அவற்றுள் ஒன்று நமக்கு நன்கு அறிமுகமானது: 1729. மருத்துவமனையில் இருந்த இராமானுசனைப் பார்க்க வந்த ஹார்டி, தாம் ஏறிவந்த வாடகையுந்தின் எண்ணாகச் சொன்னது. இரண்டு கன எண்களின் கூட்டலாக இருவகையில் எழுதத்தக்க மிகச்சிறிய எண் அது என்றார் இராமானுசன். அதற்கு மற்றொரு முகமும் உண்டு. 1729 = 7 × 13 × 19; பகு எண்தான். ஆனால், ஃபெர்மாவின் சோதனையில் 2, 3, 5 என எந்த எண்ணைக் கொண்டு சோதித்தாலும், அந்த எண்ணுக்கும் 1729க்கும் பொதுக் காரணி இல்லாதவரை, பகா எண்ணைப் போலவே மீதி 1 தந்து நிற்கும். வேடமிட்ட எண்.

வேடத்தைக் கலைக்கும் வேறு சோதனைகள் பின்னர் வந்தன. அவை விரைவானவை, பிழைக்கும் வாய்ப்பு மிக மிகச் சிறியது, ஆனால், அறவே இல்லை என்று சொல்ல இயலாது. எல்லா எண்களுக்கும் பொருந்துவதும், விரைவானதும், ஐயத்துக்கு இடமற்றதுமான முறை உண்டா என்பது விடை காணாக் கேள்வியாகவே நின்றது.

விடை 2002ஆம் ஆண்டு ஆகஸ்டில் கான்பூரிலிருந்து வந்தது. இந்தியத் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் மணீந்திர அகர்வாலும், இளநிலைப் பட்டப்படிப்பை அப்போதுதான் முடித்திருந்த நீரஜ் கயால், நிதின் சக்சேனா ஆகிய அவருடைய மாணவர்கள் இருவரும் அதனைக் கண்டனர். மூவர் பெயராலும் அஃது ஏ.கே.எஸ் சோதனை எனப்படுகிறது. 2006இல் அதற்குக் கோடல் பரிசு வழங்கப்பட்டது.

அச்சோதனையின் வித்து உங்கள் பதினொன்றாம் வகுப்புக் கணக்கு நூலில் இருக்கிறது. ஈருறுப்புத் தேற்றத்தில் வரும் பாஸ்கல் முக்கோணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழாம் அடுக்கின் கெழுக்கள் 1, 7, 21, 35, 35, 21, 7, 1. இருமுனையிலும் உள்ள ஒன்றை விடுத்தால் அனைத்தும் 7ஆல் வகுபடும். ஒன்பதாம் அடுக்கில் 9, 36, 84 என வரும். 84ஐ 9 வகுக்காது. பகா எண்ணாயின் எல்லாக் கெழுக்களும் வகுபடும். பகு எண்ணாயின் ஒன்றாவது வகுபடாது. 1729கூட இங்கே வேடமிட முடியாது. பெரிய எண்களுக்கு இத்தனை கெழுக்களையும் எழுதிப் பார்ப்பது நடவாத செயல். அவ்வேலையைச் சுருக்கும் வழியைக் கண்டதே கான்பூர் மூவரின் அருஞ்செயல்.

பயனும் காலமும்

2024ஆம் ஆண்டு அக்டோபரில் புதிய பகா எண் ஒன்று கண்டறியப்பட்டது. இரண்டை 13,62,79,841 முறை பெருக்கி ஒன்றைக் கழித்தால் அது கிடைக்கும். அதன் இலக்கங்கள் 4,10,24,320. பக்கத்துக்கு மூவாயிரம் இலக்கங்கள் வீதம் அச்சிட்டாலும் 13,600 பக்கங்களைத் தாண்டும். அந்த எண்ணைக் கொண்டு இன்று எந்தப் பூட்டும் செய்வதில்லை. பார்லோ இருந்திருந்தால் இதனையும் பயனற்றது என்றிருப்பார்.

பயன் என்ன என்று கேட்பது தவறன்று. ஆனால், எந்த அறிவு எந்நாளில் பயன்தரும் என்பதை முன்கூட்டியே அளக்கும் கோல் எவரிடமும் இல்லை. யூக்ளிடும் ஃபெர்மாவும் ஆய்லரும் தேநீர்க்கடைக்காக உழைக்கவில்லை. எண் ஒன்று பிரியுமா பிரியாதா என்று அறியும் வேட்கையே அவர்களை நடத்தியது. அவர்கள் சேர்த்து வைத்த அறிவு, கூலித்தொழிலாளி ஒருவரின் பத்து ரூபாயை இன்று காத்து நிற்கிறது.

அந்த மாணவி இப்போது அரசு கலைக் கல்லூரி ஒன்றில் கணிதம் இரண்டாமாண்டு படிக்கிறாள். அவள் தோழியர் சிலர் தொழிற்சாலையில் சேர்ந்து தம் குடும்பங்களைத் தாங்குகின்றனர். அவர்கள் உழைப்பும் போற்றத்தக்கது. கணிதம் அவளுக்கு இன்ன வேலையை வாங்கித் தரும் என்று என்னால் உறுதி கூற இயலாது. தொழிற்சாலையோ கல்லூரியோ, எங்குச் சென்றாலும் கேள்வி கேட்கும் உரிமையை வாயிலில் விட்டுவிட்டுச் செல்லாதீர்கள் என்பதையே உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

பகா எண்களைப் பற்றிய எளிய கேள்விகள் பல இன்னும் விடையின்றிக் கிடக்கின்றன. 11உம் 13உம் போல, 17உம் 19உம் போல, இரண்டு மட்டுமே வேறுபடும் பகா இணைகள் முடிவின்றித் தொடருமா? இதற்கு இதுவரை எவரும் மெய்ப்பு காணவில்லை. கேள்வி புரிவதற்கு ஆறாம் வகுப்புக் கணக்குப் போதும். விடை காண்பவர் எந்த வல்லத்திலிருந்தும் வரலாம்.

கற்பவை கற்றபின்

1. பகுபதம், பகாப்பதம், பொதுமொழி ஆகியவற்றுக்குப் பாடநூலில் இல்லாத எடுத்துக்காட்டுகள் மும்மூன்று தருக.
2. 2184 முதல் 2200 வரையுள்ள எண்கள் ஒவ்வொன்றும் மற்றோர் எண்ணுடன் கொண்டுள்ள பொதுக் காரணியைக் குழுவாகக் கண்டறிந்து அட்டவணைப்படுத்துக.
3. உங்கள் ஊரில் பற்சக்கரத்தைக் கையாளும் தொழிலாளர் ஒருவரைச் சந்தித்து, பற்களின் எண்ணிக்கை பற்றி உரையாடி ஒரு பக்க அளவில் எழுதுக.
4. 'உடனடிப் பயன் தராத அறிவைத் தேட வேண்டுமா?' என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.